ஒளிமதில்

சூசைத்துறை
2025 ஆகஸ்ட் 18, இரவு

அன்புள்ள ஜெசிதா அக்கா,

இந்தக் கடிதத்தை ஒருவருக்கும் காட்டாதீர்கள். அத்தானுக்கும் காட்டாதீர்கள். வாசித்து முடித்ததும் அடுப்பில் போட்டுவிடுங்கள். நான் உங்களுக்கு எழுதினேன் என்று அப்பாவுக்குத் தெரிந்தால் என்ன நடக்கும் என்று உங்களுக்குத் தெரியும். ஆனால் இப்போது நான் அப்பாவுக்கு மட்டும் பயப்படவில்லை.

போனில் எடுக்காமல் ஏன் எழுதுகிறேன் என்று யோசிப்பீர்கள். மீன்பிடிச் சங்கத்துப் பெடியன்கள் பின்னேரங்களில் வீடு வீடாக வருகிறார்கள். வட்ஸ்அப் குறூப்பில் சேர்த்துவிடுகிறோம் என்று போனை வாங்கி, யாருக்கு எடுத்தோம் என்று பார்க்கிறார்கள். சிரித்துக்கொண்டுதான் பார்க்கிறார்கள். தேத்தண்ணி குடித்துவிட்டுத்தான் போகிறார்கள். அதனால் இதைக் கந்தப்பு அண்ணையிடம் கொடுக்கிறேன். அவர் எங்கள் துறையில் மீன் எடுத்து உங்கள் கரவெட்டிப் பக்கம் கொண்டுபோய் விற்கிறவர். பெட்டிக்கு அடியில், ஐசுக்குக் கீழே, சொப்பிங் பையில் சுற்றி வரும். மணத்துக்குக் குறை நினைக்காதீர்கள்.

எமில்ராஜை உங்களுக்கு ஞாபகம் இருக்கிறதா? கோயில் பெருநாளில் பாட்டுப் பாடுகிறவர். நீங்கள் போனபிறகு அவர்தான் எங்கள் மீன்பிடிச் சங்கத்துக்குத் தலைவர். நல்லவர் என்றுதான் நானும் நினைத்தேன். செருப்பில்லாமல் எல்லோரோடும் நின்று வலை இழுப்பார். அப்பாவிடம் "மரியரட்ணம் அண்ணை, நீங்கள் இருந்தால்தான் எனக்குப் பலம்" என்று சொல்லுவார். அப்பாவிடம் அப்படி ஒருவரும் சொன்னதில்லை. முதல்முறை அப்படிச் சொன்ன அன்று அப்பா சாப்பிடாமலே வயிறு நிறைந்தவர் மாதிரி இருந்தார்.

தை மாதக் கூட்டத்துக்கு அம்மாவோடு நானும் போனேன். எமில்ராஜ் மேசைமேல் ஏறி நின்றார்.

"எங்கடை ஐஸ் வாடியிலை எங்கடை சனம் காசு குடுத்து ஐஸ் வாங்கிறதோ? என்ன அநியாயம்! நாளையிலை இருந்து ஐஸ் சும்மா!"

கூரை பறக்கும் போலக் கைதட்டினார்கள். ஐஸ் செய்யும் மெசின் உள்ள அந்த வாடியைப் பார்த்துக்கொள்ளும் துஷாந்தினி அக்கா மட்டும் எழும்பினார்.

"சும்மா குடுத்தால் கரண்ட் பில்லை ஆர் தம்பி கட்டுறது?"

"ஐசுக்குள்ளை இருந்து இருந்து அக்காவின்ரை மனமும் உறைஞ்சு போச்சு."

எல்லோரும் சிரித்தார்கள். அப்பா கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். நானும் சிரித்தேன், அக்கா. பகிடியாகத்தான் இருந்தது.

பிறகு இந்த வருடத் தலைவர் தெரிவு வந்தது. எமில்ராஜ் சொன்னார், "வாக்குச்சீட்டு எங்களுக்கு எதுக்கு? ஒளிச்சுப் போடுறது களவாணியளுக்கு. நாங்கள் ஒரு குடும்பம். நான் சொல்லுறது சரியெண்டால் கையை உயர்த்துங்கோ." எல்லாக் கையும் உயர்ந்தது. அவர் இறக்கச் சொல்லவில்லை. ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு மெதுவாக நடந்தார். யார் முதலில் இறக்குவது?  அம்மா ஒரு கையால் மற்றக் கையைத் தாங்கிக்கொண்டு நின்றார். மண்டபம் முழுக்கக் கைகள். வெளியே அலை அடிப்பது கேட்டது. துஷாந்தினி அக்காவின் கைகள் அவருடைய மடியில் இருந்தன.

அன்றிலிருந்து ஒவ்வொரு இரவும் சந்திக் கம்பத்து ஸ்பீக்கரில் அவர் கதைக்கிறார். பிள்ளைகளுக்குக் கதை சொல்வது மாதிரி, மெதுவாக. முடிக்கும்போது கேட்பார்: "எல்லாரும் இருக்கிறியளோ?" உடனே ஒவ்வொரு வீட்டுக்குள்ளிருந்தும் "ஓம்" என்று சொல்கிறார்கள். இருட்டுக்குள், சுவரைப் பார்த்துக்கொண்டு. அப்பாவும் சொல்கிறார். இன்று அவர் கடலுக்குப் போயிருந்தார். வீட்டில் அம்மாவும் நானும்தான். ஸ்பீக்கர் கேட்டது. அம்மா நித்திரை. நித்திரையிலேயே "ஓம்" என்றார்.

உங்கள் தங்கச்சி,
ஜெயனி

*

கரவெட்டி
25.08.2025

ஜெயனி,

கந்தப்பு அண்ணை ஒன்றும் சொல்லாமல் பையை வாசலில் வைத்துவிட்டுப் போனார். பூனைதான் முதலில் கண்டுபிடித்தது.

என்ன எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. நான் சைவ சமயப் பெடியனைக் கட்டிக்கொண்டு வந்து மூன்று வருடம். இந்த மூன்று வருடத்தில் ஒரு வரி இல்லை. என் பிள்ளை பிறந்ததைச் சொல்லி அனுப்பினேன், பதில் இல்லை. இப்போது எமில்ராஜ் ஸ்பீக்கரில் கதைக்கிறான் என்பதற்கு எனக்குக் கடிதம் வருகிறது. கோபிக்காதே. கோபமாகத்தான் எழுதத் தொடங்கினேன். எழுதிக்கொண்டு போகக் கோபம் எங்கேயோ போய்விட்டது.

நீ கொஞ்சம் கூட்டிச் சொல்கிறாய் என்று நினைக்கிறேன். இரவில் தனியே இருந்தால் எல்லாம் பெரிதாகத் தெரியும். சனம் கைதட்டுவது புதினம் இல்லை. நாடு முழுக்க அப்படித்தானே நடந்தது? வரியைக் குறைக்கிறோம் என்றார்கள், கைதட்டினோம். ஒரே இரவில் இரசாயன உரப் பசளையை நிறுத்தினார்கள். நாட்டுப்பற்று என்றார்கள், அதற்கும் கைதட்ட ஆள் இருந்தது. அந்தப் போகம் அத்தானின் வெங்காயம் சுண்டுவிரல் நுனி அளவுக்குத்தான் வந்தது. பிறகு பெற்றோல் வரிசையில் நின்றோம். நாங்கள் விட்ட பிழை என்று யாராவது சொன்னார்களா? எல்லோரும் வேறு யாரையோ திட்டிக்கொண்டு நின்றார்கள். உனக்கு அப்போது பன்னிரண்டு, பதின்மூன்று வயது. அப்பா மண்ணெண்ணெய்க்கு வரிசையில் நிற்க, நீ குடை பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றாய்.

உனக்கு உண்மையில் எதற்குப் பயம் என்று எழுது. அடி விழுகிறதா? யாரும் ஏதும் செய்தார்களா?

அப்பாவுக்கு இருமல் எப்படி? இன்னும் கடல்பக்கக் கதவால்தான் வருகிறாரா, தட்டாமல், இருமிக்கொண்டு? இந்த வீட்டில் யாராவது இருமினால் நான் இன்னும் எழும்பிக் கதவைத் திறக்கப் போகிறேன். அத்தான் சிரிப்பார்.

ஜெசிதா

*

சூசைத்துறை
செப்டெம்பர் 16, இரவு

அன்புள்ள அக்கா,

ஒருவரும் அடிக்கவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

ஐஸ் சும்மா என்றதும் சனம் அள்ளியது. கலியாண வீட்டுக்கு, சர்பத்துக்கு, சும்மா முற்றத்தில் போட்டுப் பிள்ளைகள் விளையாட. பில் கட்டவில்லை என்று கரண்டை வெட்டிவிட்டார்கள். ஐஸ் வாடி நின்றுபோனது. ஐஸ் இல்லாததால் மீனை வைத்திருக்க முடியாது. விடிய முதல் கரைக்குக் கொண்டுவந்து, அப்போதே விற்க வேண்டும். அந்த நேரத்துக்கு வருவது ஒரே ஒரு லொறி. அது எமில்ராஜின் மச்சானின் லொறி. அவர்கள் சொல்வதுதான் விலை. விலை குறைந்ததால் அப்பா ஒவ்வொரு இரவும் கடலுக்குப் போகிறார், காற்று என்றாலும் மழை என்றாலும். எல்லோரும் போகிறார்கள்.

இதையெல்லாம் பார்த்துக்கொண்டும், எமில்ராஜை இன்னும் கூடுதலாக நேசிக்கிறார்கள். ஸ்பீக்கரில் அவர் அழுதார். "எங்கடை ஐசை நிப்பாட்டினது அவங்கள். நாங்கள் நல்லாயிருக்கிறது அவங்களுக்குப் பொறுக்கேல்லை" என்றார்.

"அவங்கள் எண்டால் ஆர் அப்பா?" என்று கேட்டேன்.

"உனக்கு விளங்காது. படி."

அம்மாவிடம் கேட்டேன். அம்மா அடுத்த துறைக்காரர் என்கிறார். பக்கத்து வீட்டில் இழுவைப்படகுக்காரர் என்கிறார்கள். என்னோடு படிக்கும் ஆரபி அரசாங்கக் கந்தோர்க்காரர் என்கிறாள். ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு அவங்கள். ஆனால் பயம் எல்லோருக்கும் ஒரே மாதிரித்தான் இருக்கிறது.

பிறகு ஒளிமதில் வந்தது. கடற்கரை நெடுக, ஒவ்வொரு வீட்டு முகட்டிலும் கடலைப் பார்த்து ஒரு பெரிய வெள்ளைப் பல்பு. எங்கள் ஒற்றுமை அவங்களுக்குத் தெரிய வேண்டுமாம். சங்கத்து ஜெனரேட்டரில் இருந்து ஒரே வயர் எல்லா வீட்டுக்கும் ஓடுகிறது. மூடிக் கிடக்கும் ஐஸ் வாடிக்குள்தான் ஜெனரேட்டரும் சுவிச்சும். அந்தக் கதவுப் பூட்டின் திறப்பை அப்பாவிடம் கொடுத்திருக்கிறார்கள். "ஒளிக்காவலர்" என்று சட்டையில் குத்த ஒரு பட்டியும் கொடுத்தார்கள். பொழுதுபட அப்பா போய்ப் போடுவார். பிறகு திறப்பைச் வீட்டில் மாதா சுரூபத்துக்குக் கீழே உள்ள ஆணியில் கொழுவிவிட்டுக் கடலுக்குப் போவார். விடிய அம்மா போய்ச் சுவிச்சை இழுத்து லைட்டை நூர்ப்பார்.

"அந்த டீசலிலை ஐஸ் போடலாமே அப்பா?" என்று கேட்டேன். அப்பா எமில்ராஜின் குரலிலேயே பதில் சொன்னார். "ஐஸ் உருகிப் போகும் பிள்ளை. ஒற்றுமை உருகாது." அந்தச் சொல்லுக்கு அப்பாவின் வாய் பொருந்தவில்லை. வேறு யாரோ உள்ளே இருந்து சொன்ன மாதிரி இருந்தது.

துஷாந்தினி அக்கா பல்பு வாங்கவில்லை. அந்த வரிசையில் அவருடைய வீடு மட்டும் இருட்டு, பல் விழுந்த இடம் மாதிரி. ஒருவரும் அவரை ஏசவில்லை. அவரைப் பார்க்காமல் விட்டார்கள், அவ்வளவுதான். கடையில் அவர் நின்றால் கடைக்காரர் அவருக்குப் பின்னால் நிற்கிறவரிடம் "என்ன வேணும்?" என்று கேட்பார். பிள்ளைகள் அவர் நடக்கும் இடத்தால் ஓடி அவரில் முட்டி, திரும்பிப் பார்க்காமல் போகிறார்கள். ஞாயிறு பூசையில் ஒருவருக்கொருவர் சமாதானம் கூறச் சொன்னபோது அவர் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் கைகூப்பினார். ஒருவரும் திரும்பவில்லை. நான் திரும்பப் போனேன். அம்மா என் மணிக்கட்டைப் பிடித்தார். நகம் பதியப் பிடித்தார். முன்னுக்குப் பார்த்துச் சிரித்துக்கொண்டே பிடித்தார்.

அந்த இரவு ஸ்பீக்கர் "எல்லாரும் இருக்கிறியளோ?" என்று கேட்டது. எல்லோரும் "ஓம்" என்ற பிறகு, "ஒரு வீடு இல்லைப் போலை கிடக்கு" என்றது. கோபமே இல்லாத குரல்.

ஜெயனி

*

கரவெட்டி
21.09.2025

அன்புத் தங்கச்சி,

நீ கூட்டிச் சொல்கிறாய் என்று எழுதியதற்கு என்னை மன்னித்துக்கொள். உன் கடிதத்தை நான் எரிக்கவில்லை. எரிக்க மனம் வரவில்லை.

வெள்ளிக்கிழமை யாழ்ப்பாணம் போய்ச் சங்கங்களைப் பார்க்கிற கந்தோரில் விசாரித்தேன். அங்கே இருந்த ஐயா நல்ல மனிதர். கதவைச் சாத்திவிட்டுத்தான் கதைத்தார். "தங்கச்சி, போன வருசக் கணக்காய்வே நடக்கேல்லை. அனுப்பின ஆளைச் சனம் வாசலிலை மறிச்சுத் திருப்பி விட்டிட்டுது. இப்ப அந்த இடத்துக்கு ஆளே போடேல்லை" என்றார். நீங்கள் கேட்கக்கூடாதா என்றேன். "சனம் கையை உயர்த்தித் தெரிவு செய்த ஆளை நாங்கள் ஆர் கேக்க?" என்றார். சொல்லிவிட்டு என்னைப் பார்க்காமல் மேசைவிசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். வெளிக்கிடும்போது, இங்கே வந்ததை ஊரில் சொல்லவேண்டாம் என்றார். எனக்காகச் சொன்னாரா தனக்காகச் சொன்னாரா தெரியவில்லை.

நீ இங்கே வா. பரீட்சைக்கு இங்கே இருந்து படிக்கலாம். அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்று யோசி. அப்பா என் பெயரைக் கேட்டால் எழும்பிப் போய்விடுவார் என்று தெரியும். அதனால் என் பெயரைச் சொல்லாதே.

ஜெசிதா

*

சூசைத்துறை
ஒக்டோபர் 7, இரவு

அக்கா,

ஜெரோசன் அண்ணை செத்துப்போனார். உங்களோடு படித்தவர். கடலில் இல்லை. கரையில், வீட்டிலிருந்து கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில்.

நாங்கள் சின்னவர்களாக இருக்க அப்பா எங்களைப் படகில் கொண்டுபோய்க் காட்டினாரே, ஞாபகம் இருக்கிறதா? எங்கள் துறையில் ஆழப்பாதை ஒன்றுதான். மற்ற இடம் எல்லாம் மணல்திட்டியும், வலை கட்ட ஊன்றிய கம்பும். இரவில் வரும்போது கோயில் கோபுரத்து மஞ்சள் விளக்கையும் இறங்குதுறைப் பச்சை விளக்கையும் பார்க்க வேண்டும். மஞ்சள் நேராகப் பச்சைக்கு மேலே நின்றால் நீ பாதைக்குள் நிற்கிறாய். மஞ்சள் ஒரு பக்கம் விலகினால் நீயும் விலகிவிட்டாய். போனில் வழி காட்டினாலும் கரை கிட்ட வர அப்பா அதைத்தான் பார்ப்பார். எல்லோரும் அதைத்தான் பார்ப்பார்கள்.

இப்போது கடலில் இருந்து பார்த்தால் ஒரு வெள்ளைச் சுவர்தான் தெரியும். அந்த வெளிச்சத்துக்குள் மஞ்சளும் இல்லை, பச்சையும் இல்லை. ஜெரோசன் அண்ணை கம்புகளுக்குள் ஏறிவிட்டார். படகு கவிழ்ந்து, வலைக்குள் சிக்கி. கரையில் நின்றவர்கள் சத்தத்தைக் கேட்டார்களாம். பல்பு கண்ணில் அடித்ததால் எங்கே என்று தெரியவில்லையாம்.

அவங்கள்தான் புதிதாகக் கம்பு ஊன்றினார்கள் என்று எமில்ராஜ் சொன்னார். வெளிச்சம் காணாது, இன்னும் வேண்டும் என்றார். சவம் எடுத்த அன்று ஜெரோசன் அண்ணையின் வீட்டு முகட்டில் இரண்டாவது பல்பு பூட்டினார்கள், மரியாதைக்கு. அவருடைய அம்மா அதைப் பார்த்துக் கைதட்டினார். நான் கண்ணால் கண்டேன். அழுதுகொண்டே கைதட்டினார். இப்போது எல்லா வீட்டிலும் இரண்டு.

அப்பாவிடம் கேட்டேன்.

"அப்பா, உங்களுக்கு மஞ்சளும் பச்சையும் தெரியுதோ?"

அப்பா கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். கை நின்றது.

"பழகின கடல் எனக்கு."

"தெரியுதோ எண்டுதான் கேக்கிறன்."

"உனக்கு உந்தக் கதை ஆர் சொல்லித் தந்தது? உவள் துஷாந்தினியோ?" பிறகு மெதுவாக, வாசலைப் பார்த்துக்கொண்டு, "பிள்ளை, உதை வெளியிலை கதைச்சுப் போடாதை" என்றார். அவருக்குத் தெரியும், அக்கா. தெரிந்துகொண்டுதான் பொழுதுபட அந்தச் சுவிச்சைப் போடுகிறார்.

இன்னொன்று. மூன்று நாளாகத் துஷாந்தினி அக்காவைக் காணவில்லை. வீடு திறந்து கிடக்கிறது. அடுப்பில் சோற்றுப்பானை. கொடியில் சீலை. அம்மாவிடம் "துஷாந்தினி அக்கா எங்கை?" என்று கேட்டேன்.

அம்மா அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை.

"ஆர் அது?" என்றார்.

நான் சிரித்தேன். பகிடி என்று நினைத்தேன். அம்மா சிரிக்கவில்லை.

இன்று அந்த வீட்டு முகட்டிலும் பல்பு எரிகிறது. உள்ளே ஆள் இல்லை. ஸ்பீக்கர் கேட்டபோது அந்த வீட்டுக்குள்ளிருந்தும் "ஓம்" என்று ஒரு குரல் வந்தது. நான் கேட்டேன், அக்கா. கேட்டேனா என்று இப்போது எனக்கே சந்தேகமாக இருக்கிறது.

ஜெயனி

*

கரவெட்டி
12.10.2025

ஜெயனி,

முதலில் இதை வாசி: துஷாந்தினி அக்கா இங்கே, எங்கள் வீட்டில் இருக்கிறார். உயிரோடு இருக்கிறார். நீ கேட்ட குரல் அவருடையது இல்லை. கந்தப்பு அண்ணைதான் விடியப்புறம் மீன்பெட்டியைக் கழற்றி வைத்துவிட்டுச் சைக்கிளில் ஏற்றி வந்தார்; அவர் தன் மோட்டார்சைக்கிளைச் சைக்கிள் என்றுதான் சொல்வார். வந்த அன்று துஷாந்தினி அக்கா ஒன்றும் சாப்பிடவில்லை. என் பிள்ளை அவரைப் பார்த்துச் சிரித்தது. "என்னைத் தெரியுதோடா உனக்கு?" என்று கேட்டு அழத் தொடங்கியவர், மத்தியானம் வரை அழுதார்.

அவர் ஒன்று சொன்னார். ஐஸ் வாடிக்குக் கரண்ட் திரும்பி வந்தாலும் இனி ஐஸ் வராது. மெசினை எமில்ராஜ் விற்றுவிட்டார். அந்தக் காசில்தான் ஜெனரேட்டரும் பல்பும் வந்தது. அதைக் கூட்டத்தில் சொல்லப் போகிறேன் என்று சொன்ன பிறகுதான் அவரை ஒருவருக்கும் தெரியாமல் போனது.

உழைத்துத் தந்த மெசினைக் கொடுத்து, கண்ணைக் குருடாக்கும் பல்பை வாங்கியிருக்கிறார்கள். நான் இதை எழுதிவிட்டு வெளியே போய் நின்றேன். எனக்கு அந்தச் சனத்தில் கோபம் வரவில்லை. பயம்தான் வந்தது. எமில்ராஜ் போனாலும் அந்த மெசின் திரும்பி வருமா? துஷாந்தினி அக்காவைப் பார்க்காமல் பழகிய கண்கள் திரும்ப எப்படிப் பார்க்கும்?

இன்னொன்றும் சொன்னார். மஞ்சளும் பச்சையும் பகலில் சூரிய ஒளியில் சார்ஜ் ஏறி எரிகிற விளக்குகள். அவற்றை ஒருவரும் கழற்றவில்லை. இப்போதும் ஒவ்வொரு இரவும் எரிகின்றனவாம்.

நீ ஒன்றும் செய்யாதே. உன் புத்தி எனக்குத் தெரியும், செய்யாதே. வருகிற ஞாயிறு அத்தானும் நானும் வருகிறோம். அப்பா என்னை ஏசட்டும், அடிக்கட்டும். அவர் காலில் விழுந்தாவது உங்கள் மூவரையும் கூட்டி வருவேன். கந்தப்பு அண்ணையை இனித் துறைக்குள் விடமாட்டார்கள் போல் இருக்கிறது. லொறிக்கு மட்டும்தான் விற்க வேண்டுமாம். முடிந்தால் இன்னும் ஒருமுறை வருவதாகச் சொன்னார்.

ஞாயிறு வரை பொறு.

அக்கா

*

சூசைத்துறை
ஒக்டோபர் 16, இரவு

அக்கா,

ஞாயிறு வரை பொறுக்க முடியவில்லை. நான் செய்துவிட்டேன். கை ஈரம், எழுத்து ஊறுகிறது, மன்னியுங்கள். கந்தப்பு அண்ணை விடிய வந்தால் இதைக் கொடுப்பேன். வராவிட்டால் கோழிக்கூட்டுக் கூரைக்குள் செருகி வைப்பேன். நீங்கள் ஞாயிறு வரும்போது அங்கே பாருங்கள்.

பொழுதுபடவே மின்னியது. அப்பா போகமாட்டார் என்று நினைத்தேன். "லொறி வரும், மீன் இல்லாட்டி எமில்ராஜ் என்ன நினைப்பான்?" என்று சொல்லிவிட்டுப் போனார். எல்லாப் படகும் போனது. பிறகு காற்று எழும்பியது. மழை படுத்துப் பெய்தது.

பெண்கள் எல்லோரும் கரைக்குப் போனோம். பல்புகளுக்குக் கீழே நின்று செபமாலை சொன்னோம். கடலைப் பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை. மழைத்துளி மட்டும் வெள்ளையாக, திரைச்சீலை மாதிரி. அதற்கு அங்கால் கறுப்பு. அந்தக் கறுப்புக்குள் எஞ்சின் சத்தங்கள் கேட்டன. இடது பக்கம் போகும், நிற்கும், வலது பக்கம் போகும். தேடிக்கொண்டு திரிந்தார்கள். அப்பாவின் எஞ்சின் இடைக்கிடை விக்கும், அதை எனக்குத் தெரியும். அது கம்புகள் இருக்கிற பக்கம் போனது.

"அம்மா, லைட்டை நூர்க்கச் சொல்லுங்கோ. அவைக்குப் பாதை தெரியேல்லை."

"வாயை மூடு! ஆரும் கேட்டால்..."

பக்கத்தில் நின்ற பெண்கள் செபத்தை நிறுத்தாமல் எங்களைப் பார்த்தார்கள். எல்லோரும் ஒரே நேரத்தில் பார்த்தார்கள். அவர்களுடைய ஆட்களும் அந்தக் கறுப்புக்குள்தான், அக்கா. எல்லோருக்கும் தெரியும். ஒருவராவது நூருங்கோ என்று சொல்லவில்லை. கைகளை உயர்த்திக்கொண்டு நின்ற அந்தக் கூட்டம் மாதிரியே இருந்தது.

அப்போது அம்மா எல்லோருக்கும் கேட்கிற மாதிரிச் சத்தமாகச் சொன்னார்:

"நனையாமல் வீட்டை போய்ப் படு பிள்ளை. சுரூபத்தடி ஆணியிலை சட்டை காயுது. எடுத்து வை."

அந்த ஆணியில் அம்மா ஒருநாளும் சட்டை காயப்போட்டதில்லை. அதில் தொங்குவது ஐஸ் வாடித் திறப்பு மட்டும்தான். அம்மாவின் முகத்தைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. முன்னுக்குப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார், அன்று கோயிலில் சிரித்த மாதிரி. ஆனால் என் மணிக்கட்டை விட்டுவிட்டார்.

ஐஸ் வாடிக்குள் இன்னும் குளிர் இருக்கிறது. மெசின் நின்ற இடத்தில் நாலு துளைதான். ஜெனரேட்டர் தனியே உறுமிக்கொண்டு நின்றது. யாரோ எனக்குப் பின்னால் மூச்சு விடுகிற மாதிரி இருந்தது. திரும்பிப் பார்க்கவில்லை. சுவிச்சை இழுத்துவிட்டு ஓடினேன்.

முழுத் துறையும் ஒரே இருட்டு. கரையில் நின்ற பெண்கள் ஒரே வாயாகக் கத்தினார்கள். பிறகு அந்தக் கத்தலும் நின்றது. ஏனென்றால் அவர்களும் பார்த்தார்கள். கோபுரத்தில் மஞ்சள். இறங்குதுறையில் பச்சை. சின்ன வெளிச்சங்கள், அக்கா. அவ்வளவு சின்னன். இவ்வளவு நாளும் அங்கேயே எரிந்துகொண்டிருந்திருக்கின்றன.

எஞ்சின்கள் எல்லாம் ஒரு கணம் தணிந்தன. பிறகு ஒன்று திரும்பியது. அதற்குப் பின்னால் இன்னொன்று. ஒரே கோட்டில், பாதைக்குள்ளால், ஒன்றின் பின் ஒன்றாக வந்தார்கள். கடைசியாக விக்கிக்கொண்டு வந்தது அப்பாவுடையது. அப்பா தண்ணீருக்குள் குதித்து, அம்மாவைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது கேட்டது. "அருமை!" என்று. நான் பனைவடலிக்குள் நின்று அழுதேன். பிறகு வீட்டுக்கு ஓடி வந்தேன்.

எல்லோரும் வந்துவிட்டார்கள். ஒரு படகும் குறையவில்லை. இதை இரண்டு தரம் வாசியுங்கள்.

ஆனால் ஸ்பீக்கருக்குத் தனி பற்றறி. அது இப்போது கதைத்து முடித்தது.

"எங்கடை ஒற்றுமைக்குப் பயந்து கடல் எங்கடை பிள்ளையளைத் திருப்பித் தந்திட்டுது" என்றது. கரையில் கைதட்டினார்கள். மழைக்குள் அந்தச் சத்தம் வேறு மழை மாதிரிக் கேட்டது. "ஆனால் இந்த நேரம் பார்த்து ஆரோ ஒரு கை எங்கடை மதிலை இடிச்சுப் போட்டுது. எங்கடை ஆக்களைக் கொல்லத்தான். அந்தக் கை இஞ்சைதான் இருக்கு. எங்களுக்குள்ளைதான்."  பிறகு, வழமை போல, மெதுவாக: "எல்லாரும் இருக்கிறியளோ?"

"ஓம்."

அப்பாவின் குரலும் அதற்குள் இருந்தது. தெளிவாகக் கேட்டது. அம்மாவின் குரலைத் தேடினேன். கேட்கவில்லை. மழையாலோ தெரியாது.

நான் "ஓம்" சொல்லவில்லை. 

இப்போது பல்புகள் திரும்ப எரிகின்றன. யாரோ போட்டுவிட்டார்கள், கதவை நான் பூட்டாமல் ஓடி வந்துவிட்டேன். யன்னலால் வெள்ளை வெளிச்சம் இந்தக் கடதாசியில் விழுகிறது. விளக்கில்லாமலே எழுதுகிறேன். திறப்பைத் திரும்ப ஆணியில் கொழுவிவிட்டேன். அதிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது. துடைக்க மறந்துபோனேன். துடைக்க வேண்டும்.

இருமல் கேட்கிறது. அப்பாவின் இருமல்தான். அப்பா வந்துவிட்டார். கடல்பக்கக் கதவின் கொண்டியைக் கழற்றிவிட்டு வந்து இதை முடிக்கிறேன்.

கழற்றினேன். அங்கே ஒருவரும் இல்லை.

இருமல் தெருப்பக்கம் கேட்கிறது. அவரோடு கனக்கக் கால்கள், சேற்றுக்குள். ஒருவரும் கதைக்கவில்லை. யாரோ டோர்ச் அடிக்கிறார்கள். அக்கா, அப்பா ஒருநாளும் தெருக்கதவால் வந்ததில்லை. தன் வீட்டுக் கதவை அவர் ஒருநாளும் தட்டியதில்லை. இப்போது தட்டு